இடது கைக் கோடு

"மாதாவத்தேன் எடுக்க வேண்டியிருக்கும்" என்று புருஷன் பங்கிராஸ் வந்து சொன்னபோது பாக்கியம் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தினால் கட்டி விழுந்துவிடும். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எந்த மாதாவ?"

"நம்ம மாதாவத்தேன். சீரியல் பல்புல செஞ்ச மாதா."

வியாழக்கிழமை மத்தியானம். சித்திரை வெயிலில் வீரபாண்டியிலிருந்து பஸ் ஏறி, உத்தமபாளையத்தில் இறங்கி, அங்கிருந்து சவேரியார்பட்டி வரைக்கும் நடந்தே வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செம்பை அண்ணாந்து காலி செய்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னான்.

"பந்தல் காண்ட்ராக்ட் கர்ணன் இருக்காருல்ல, அவரு ஆள விட்டுக் கூப்புட்டாரு. வழக்கமா வார மதுரக்காரன் இந்த வருசம் கைய விரிச்சுட்டானாம். ஆத்துப் பாலத்துல வாரவுக கண்ணுக்குத் தெரியிற மாதிரி பதினஞ்சடி அம்மன் வேணுங்குறாரு. சிங்கத்தோட. செவ்வாக்கெழம பொழுது சாயயில எரியணும்."

"செவ்வாக்கெழமைக்கா? நடுவுல நாலு நாளுதான கெடக்கு?"

"சரின்னுட்டு வந்துட்டேன், பாக்கியம்."

சரி என்று சொல்லாமல் வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு எட்டு நாளும் பள்ளத்தாக்கு முழுக்க அங்கே வந்து இறங்கும். அங்கே யாருடைய சீரியல் செட் எரிகிறதோ அவனைத்தான் போடியிலும் கம்பத்திலும் வருஷம் பூராவும் கூப்பிடுவார்கள். பங்கிராஸின் செட் இதுவரை காதுகுத்து, கல்யாணம், சொந்த ஊர்க் கோயில் என்பதைத் தாண்டியதில்லை.

"புது பல்பு?"

"தேனியில ஒரு கடையில இல்ல. மதுரைக்குச் சொல்லி விட்டா ரெண்டு வாரங்குறான். பெரிய படம்னு நம்மகிட்ட இருக்கது மாதாவும், போன வருசம் கல்யாணத்துக்குச் செஞ்ச சிங்கமும்தேன். ரெண்டையும் ஒண்ணாச் சேக்கணும். மாதா கையில இருக்க கொழந்தய எடுத்துட்டா நின்ன வாக்குல அம்மன்தான்?"

களியை இறக்கி வைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் பார்வை வேறெங்கோ இருந்தது.

கடைப் பலகையில் 'பங்கிராஸ் சீரியல் & மைக் செட்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் படம் போடுவது பாக்கியம். மடத்துப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் பூவேலைக்கு உரு வரையக் கற்றவள். முற்றத்தைச் சாணி போட்டு மெழுகி, காய்ந்ததும் சாக்குக்கட்டியால் தரையில் முழு அளவுக்கு வரைவாள். அவன் அதன்மேல் மூங்கிலைக் கீறி வளைத்து, ரீப்பர் கட்டையில் அறைந்து, சாணுக்கு நாலு ஹோல்டர் என்று வரிசையாகக் கட்டிக்கொண்டு போவான். ஊரில் எல்லாரும் அவன் கையைத்தான் மெச்சினார்கள். அவளும் அதைத் திருத்தியதில்லை.

சீரியல் படத்தில் வண்ணம் தீட்டி நிரப்பும் வசதி கிடையாது. கோடு மட்டும்தான். ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் எது முன்னே, எது பின்னே என்று முடிவு செய்து, பின்னே போகிற கோட்டை அந்த இடத்தில் அறுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் இருட்டில் மீன்வலை காயப்போட்ட மாதிரி இருக்கும். அறுத்த நுனி முன்கோட்டைப் போய்த் தொட வேண்டும். ஒரு பல்பு இடைவெளி கூடினாலும் பார்க்கிறவன் கண் அந்த ஓட்டையில்தான் போய் நிற்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் மாதாவைச் செய்தபோதும் பல்பு பத்தவில்லை. அப்போது பாக்கியம் ஒரு வேலை செய்தாள். மாதாவின் இடது கைக்குத் தனியாக, குழந்தையின் முதுகுக்குத் தனியாக என்று இழுக்காமல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் கையும் தெரிந்தது, பிள்ளையும் தெரிந்தது. செப்டம்பர் திருவிழாவில் மாதா கோயில் கோபுரத்தில் ஏற்றியபோது பங்குச் சாமியார் வெளியே வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாதாவை முற்றத்தில் மல்லாக்கக் கிடத்தினார்கள். பக்கத்தில் சிங்கம். பங்கிராஸ் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு குனிந்தபோது அவன் ஆத்தா ஆரோக்கியம்மாள் வந்து, மாதாவின் பாதத்துக்குக் கீழே ரீப்பர் கட்டையின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கையில் செபமாலை.

"ஆத்தா, எந்திரி. ஆணி குத்தப் போகுது."

"குத்தட்டும். எம் பேருக்காரிய எங்கடா தூக்கிட்டுப் போற?"

"படத்தத்தான ஆத்தா. திருவிழா முடிஞ்சதும் திரும்பிரும்."

"ஒனக்கு கரண்டு அடிச்சு நாக்குத் தள்ளிக் கெடந்தப்ப நா யாருக்குடா நேந்துக்கிட்டேன்? அந்த நேத்திக்கடன்லதான இந்தப் படம் வந்துச்சு?"

"அதாரு இல்லேன்னா?"

"பெறகு பிள்ளைய இடுப்புலருந்து பிடுங்குறேங்கிறியே. எப்படிடா கை வருது?"

"பல்பு ஆத்தா. பல்பும் வயரும். பிள்ளையா அது?"

"அப்ப எதுக்குடா அதுக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்துனம்?"

பங்கிராஸ் குறட்டைத் தரையில் போட்டுவிட்டு, சிங்கத்தின் வாலைச் சரிபார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போனான். பாக்கியம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு சாக்குக்கட்டியை உருட்டினாள். அத்தை சொல்வது சரி என்றுதான் பட்டது. ஒத்துக்கொண்டு வந்தவனைக் கைவிடவும் முடியாது. பதினோரு மணி வெயிலில் ஆரோக்கியம்மாளுக்குத் தலை சுற்றியது. மருமகள் கைத்தாங்கலாகத் தூக்கி நிழலில் உட்கார வைத்தாள். கிழவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

குழந்தையின் கோட்டை பாக்கியமே கழற்றினாள். தலை, நெற்றி, முதுகு, ஆசீர்வதிக்கிற சின்னக் கை, முழங்கால். பல்புகளைத் திருகித் திருகி வைக்கோல் போட்ட கூடையில் இட்டாள். எழுபத்திரண்டு. பிறகு சிங்கத்தை மாதாவுக்குப் பின்னால் நகர்த்தி, அங்கி மறைக்கும் இடத்தில் அதன் முதுகை அறுத்து, இரண்டு நுனியையும் அங்கியின் ஓரத்தோடு சேர்த்தாள். முக்காட்டையும் மணிமுடியையும் ஒன்றாக்கி வெளிக்கோட்டை மட்டும் விட்டாள். கிரீடம் உயர்ந்து வந்தது. அங்கி சேலையாயிற்று. சாயங்காலத்துக்குள் முக்கால் அம்மன் வந்துவிட்டாள்.

இடது கை மட்டும் இல்லை.

பிள்ளையோடு கையும் போயிருந்தது. ஒரே கோடுதானே. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் வெறும் ஆகாசம்.

"தோள்லருந்து ரெண்டு கோட்டக் கீழ எறக்கி மூடிரு. வேலை முடிஞ்சுச்சு" என்றான் பங்கிராஸ்.

இறக்கினாள். கை தொங்கியது. சுளுக்கு விழுந்தவள் கை மாதிரி இருந்தது. அழித்தாள். மடக்கி வரைந்தாள். பை தொங்கவிட்டவள் மாதிரி இருந்தது. மறுபடி அழித்தாள். இருட்டிவிட்டது. சுருளிமலைப் பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது, மழைதான் வரவில்லை.

சனிக்கிழமை விடியும்போது மூன்று வயது மகள் செல்வமணிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் சிவந்து தண்ணீர் வடிந்தது. ஞாயிறு காலையில் காதுக்குப் பின்னாலிருந்து சிவப்பாகப் பொரிப் பொரியாகக் கிளம்பி முகத்தில் இறங்கியது. பக்கத்து வீட்டுப் பவுனு வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, அம்மால்ல வந்திருக்கா! பாக்கியம், வீட்டுல எதையும் தாளிக்காத. கருவாட்டச் சுடாத."

உத்தமபாளையத்து டாக்டர், மணல்வாரி அம்மைதான் என்றார். மாத்திரை கொடுத்தார். இளநீர், கஞ்சித் தண்ணி விடாமல் கொடுக்கச் சொன்னார். "மூச்சு வாங்குதான்னு மட்டும் பாத்துக்க. நெஞ்சுல சளி எறங்குனா ஒடனே கொண்டா." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாக்கியம் பிள்ளையின் நெஞ்சுக்கூட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏறுகிறது, இறங்குகிறது. வேகமாக ஏறுகிறதோ?

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. செருகியது ஆரோக்கியம்மாள். பவுனுவிடம் கேட்டு வாங்கி, பாயிலும் பரப்பி வைத்திருந்தாள். தலைமாட்டில் செபமாலை.

"நா சொன்னா யாரு கேக்குறா? பிள்ளைய எறக்கி வச்சீகள்ல? இப்ப பாத்தீகளா?" என்றாள்.

பாக்கியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த நினைப்பு அவளுக்கே சனிக்கிழமை காலையில் வந்துவிட்டது. கூடையில் கிடந்த எழுபத்திரண்டு பல்பையும் அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முற்றத்துப் பக்கமே போகவில்லை. பங்கிராஸ் வீரபாண்டிக்குக் கம்பம் ஊன்றப் போனவன் இரண்டு நாளாகப் போவதும் வருவதுமாக இருந்தான். வந்தால் பிள்ளை பக்கத்தில் கொஞ்ச நேரம், படத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம். எந்த இடத்திலும் அவனால் உட்கார முடியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் கர்ணனே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி முழுக்க சாலைப் புழுதி. முற்றத்தில் கிடந்ததைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏப்பா பங்கிராசு, என்னப்பா இது? கை மொண்டியா இருக்கு?"

"வேல நடக்குதுண்ணே."

"எங்க நடக்குது? எல்லாம் மல்லாக்கல்ல கெடக்கு. நா கமிட்டிக்காரவுககிட்ட வாக்குக் குடுத்துருக்கேன். முடியாதுன்னா இப்பயே சொல்லு. ரெண்டு டியூப்லைட்டக் கட்டிட்டு நா பாட்டுக்குப் போறேன்."

"பிள்ளைக்குச் சொகமில்லண்ணே. மணல்வாரி."

கர்ணனின் குரல் சட்டென்று தணிந்தது. வாசல் வேப்பிலையை அப்போதுதான் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? பிள்ளையப் பாருங்கப்பா" என்றவர், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "ஆனாலும் செவ்வாக்கெழம பொழுதுக்கு எரியணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை காலையிலும் காய்ச்சல் இறங்கவில்லை. செல்வமணி பாயில் படுக்க மாட்டேன் என்று அழுதாள். பாக்கியம் அவளை இடது தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி. ஆரோக்கியம்மாள் முற்றத்துக் கதவைத் திறந்து வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து மருமகள் முன்னால் நின்றாள்.

"பாக்கியம்."

"என்னத்த?"

"அத முடிச்சிரு."

"எத?"

"அதத்தேன். மூணு நாளா வெயில்ல கெடக்கு. பிள்ளைய எறக்கியாச்சு, மாதாவும் இல்ல. கை இல்ல, அம்மனும் இல்ல. ரெண்டுங்கெட்டானா ஒரு பொம்பள முத்தத்துல மொண்டியாக் கெடந்தா வீடு என்னத்துக்காகும்? அவளா இவளான்னு நா கேக்கல. யாரா இருந்தாலும் முழுசாக்கி எந்திரிக்க வையி. பிள்ளைய எங்கிட்டக் குடு."

"என்னத்த, நீங்களா சொல்றீக?"

"நாந்தேன் சொல்றேன். குடுடி."

பாக்கியம் பிள்ளையை மெல்லத் தூக்கி, தரையில் உட்கார்ந்த மாமியாரின் மடியில் கிடத்தினாள். நிமிர்ந்தபோது இடது கை அப்படியே மடங்கி நின்றது. விடியற்காலையிலிருந்து ஒரே வாக்கில் பிள்ளை கிடந்த கை. முழங்கை இடுப்பைவிட்டு விலகியிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்துக் குழிந்திருந்தது. விரல்கள் இன்னும் எதையோ தாங்கிக்கொண்டிருந்தன. நீட்டப் பார்த்தாள், மரத்துப்போயிருந்தது. நீட்டுவதை விட்டுவிட்டு அதையே பார்த்தாள்.

அப்படியே முற்றத்துக்குப் போனாள். சாக்குக்கட்டி வலது கையில். இடது கையை மடித்தபடியே வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து வரைந்தாள். தோளிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு கோடு. முழங்கையில் திரும்பி இடுப்புக்கு வரும் கோடு. குழிந்த உள்ளங்கை. அந்தக் குழியில் ஒரு தீச்சட்டி வைத்தாள். சட்டியின் அடியும் உள்ளங்கையும் சேர்கிற இடத்தில் பழையபடி ஒரே கோடாகப் போட நினைத்து, வேண்டாம் என்று கையை நிறுத்தினாள். கைக்கு ஒரு கோடு, சட்டிக்கு ஒரு கோடு, தனித்தனியாகவே போட்டாள்.

பல்பு கூடுதலாகத் தேவைப்பட்டது. கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் வந்த பங்கிராஸ் தரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூங்கிலைக் கீற உட்கார்ந்தான். உள்ளே பிள்ளை இருமும்போதெல்லாம் இரண்டு பேர் கையும் நின்று, பிறகு ஓடியது. செவ்வாய் காலையில் டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, அம்மனை மூன்று துண்டாக ஏற்றிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் செல்வமணிக்கு மூச்சு வாங்கியது. பவுனுவின் புருஷன் வண்டி பூட்டினான். மறுபடி உத்தமபாளையம். டாக்டர் ஊசி போட்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொன்னார். வீரபாண்டியில் அந்நேரம் பொழுது சாய்ந்திருக்கும். எரிந்ததா, எரியவில்லையா என்று பாக்கியம் ஒரு தரம் நினைத்தாள். அடுத்த மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது.

வியாழக்கிழமை விடியற்காலையில் பிள்ளைக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டது.

அடுத்த செவ்வாய், திருவிழாவின் கடைசி நாள். பவுனு யாரிடமும் சொல்லாமல் செல்வமணிக்காகத் தீச்சட்டி நேர்ந்திருந்தாள். "நீங்க சாமி கும்புட வேணாம். எம் பின்னால சும்மா வந்தாப் போதும்" என்று வாசலில் வந்து நின்றாள். பாக்கியம் மாமியாரைப் பார்த்தாள்.

"நமக்காக ஒருத்தி நெருப்பத் தூக்குறா. வீட்டுலயா உக்காந்திருக்க முடியும்?" என்று ஆரோக்கியம்மாள் சேலையை மாற்றப் போனாள்.

பாலத்தில் ஏறியதும் தெரிந்தது. இன்னும் முழுசாக இருட்டவில்லை. முல்லையாற்றுக்கு அந்தப் பக்கம், ராட்டினங்களுக்கும் பொரிகடலைக் கடைகளுக்கும் மேலே, சிங்கத்தின் முன்னால் அம்மன் நின்றாள். கையில் தீச்சட்டி. பல்புகளை மாற்றி மாற்றி எரிய வைக்கும் ரோலரைப் பங்கிராஸ் ஓட்டிவிட்டிருந்தான், சட்டியில் தீ அசைந்தது. பாக்கியத்தின் கண் முதலில் முழங்கைக்குத்தான் போனது. அந்தத் திருப்பத்தில் ஒரு பல்பு கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. மற்றவர்களுக்குத் தெரியாது.

கூட்டத்தில் நசுங்கி அம்மனுக்கு நேர் கீழே வந்தார்கள். மஞ்சள் சேலையில் பவுனு சட்டியோடு நின்று மேலே பார்த்தாள். ஆரோக்கியம்மாளின் இடுப்பிலிருந்த செல்வமணி கையை நீட்டி, "மாதா!" என்று கத்தினாள்.

பாக்கியத்துக்கு அதட்டுவதா, வாயைப் பொத்துவதா என்று தெரியவில்லை. மேளச் சத்தத்தில் அது எப்படிக் கேட்டதோ, பக்கத்தில் நின்ற ஒரு பெண், "ஆமாடி தங்கம், ஆத்தாதேன்! நல்லாக் கும்புட்டுக்க" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு நகர்ந்தாள்.

அப்போதுதான் அம்மனின் இடது கை அணைந்தது.

தோளிலிருந்து விரல் வரைக்கும் மொத்தமாகப் போய்விட்டது. சட்டி மட்டும் அந்தரத்தில் எரிந்தது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "கடேசி நாளுல என்னய்யா இது", "ஆகாத சகுனமால்ல இருக்கு" என்று நாலா பக்கமும் பேச்சு. சீரியலில் ஒரு பல்பு தளர்ந்தால் அந்த வரிசையே செத்துப்போகும். எந்தப் பல்பு என்று தேடுவதுதான் பாடு. பங்கிராஸ் மூங்கில் ஏணியில் ஏறிச் சட்டிப் பக்கம் தடவிக்கொண்டிருந்தான். கீழே கர்ணன் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அங்கன இல்லங்க!" என்று பாக்கியம் கீழேயிருந்து கூவினாள். அவனுக்குக் கேட்கவில்லை.

"நீயே போடி" என்றாள் மாமியார்.

பாக்கியம் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். "எறங்குங்க. முழங்கைத் திருப்பத்துல பாக்கணும். ரெண்டு கோடு சேருற எடம். அங்கனதேன் ஒண்ணு சரியா ஒக்காரல."

பங்கிராஸ் இறங்கினான். அவளைப் பார்த்தான், சுற்றிலும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான், கர்ணனைப் பார்த்தான். போய் மெயினை அணைத்துவிட்டு வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

பாக்கியம் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். அம்மன் முழுக்க இருட்டு. மூங்கில், ஆணி, வயர், சூடு ஆறாத கண்ணாடி. விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு இறுக்கிக்கொண்டே வந்தாள். திருப்பத்தில் மூன்றாவது லொடலொட என்று ஆடியது. மாதாவின் பிள்ளை வரிசையிலிருந்து எடுத்து மாட்டியது. அதைத் திருகி இறுக்கி, விலகியிருந்த ஹோல்டரையும் ஒரு விரல்கடை உள்ளே தள்ளினாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"போடுங்க."

பங்கிராஸ் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினான். கண்ணைக் கூசியது. அவ்வளவு கிட்டத்தில் முகம் இல்லை, கை இல்லை, சிங்கம் இல்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஏகப்பட்ட பல்புகள், அவ்வளவுதான். சரியாக வந்திருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழேயிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. முதலில் பவுனுவின் குரல், பிறகு பாலம் வரைக்கும்.

"யாருப்பா அந்தப் பொம்பள, அம்புட்டு ஒசரத்துல?" என்று கர்ணன் கேட்பது கேட்டது.

பங்கிராஸ் திரும்ப வந்து ஏணியைப் பிடித்திருந்தான். அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கத்திச் சொன்னான்.

"அவுகதேண்ணே படம் போட்டவுக."

பாக்கியத்தின் கால் ஏணியில் அடுத்த படியைத் தேடியது.